பெயர் எழுதாத பலகை: தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் நம் கண்டிச்சீமையும்

(அருப்புக்கோட்டையில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசுகிற கூட்டத்தில் மிருகக்காட்சிசாலைக்கு என்ன வேலை என்று, தலைப்பைப் பார்த்ததும் இரண்டு மூன்று பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரு மனிதனை மனிதனாகப் பார்க்காமல் ஒரு வகையாக, ஒரு இனமாக, ஒரு மாதிரியாகப் பார்ப்பது எங்கே தொடங்குகிறது, அதில் யாருக்கு லாபம் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அதற்கு மிருகக்காட்சிசாலை வழியாகப் போவது சுலபம். நம் ஊரில் இருந்து அங்கே போகிற பாதையும் நாம் நினைப்பது போல அவ்வளவு தூரம் இல்லை.

அருப்புக்கோட்டையில் இருந்து திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் எந்த ஊரில் போய்க் கேட்டாலும், 'கண்டிச்சீமைக்குப் போனவுங்க' என்று ஒரு குடும்பத்தையாவது காட்டுவார்கள். இது வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவது வருடத்தில் சில நாள். கண்மாய் பெருகினால் கஞ்சி, பெருகாவிட்டால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்துக்கு முன்னாலும் பின்னாலும் இந்தச் சீமையில் இருந்து மக்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் போய்க்கொண்டே இருந்தார்கள். அதில் பெரும்பகுதி, ஊருக்குள் ஒரு குழி நிலம்கூட இல்லாத பள்ளர், பறையர், அருந்ததியர் குடும்பங்கள். ஆள் பிடிக்க வந்த கங்காணி கடனும் கொடுத்தார், கனவும் கொடுத்தார். பெரிய கங்காணிகளில் பலர் நிலமுள்ள சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊரில் இருந்த படிக்கட்டு கப்பலேறி அப்படியே மலைக்குப் போய்ச் சேர்ந்தது.

என் அம்மாவின் பெரியப்பா 1930களில் அப்படிப் போனவர். திரும்பி வரவில்லை. கடிதங்களும் நின்று போயின. முகநூல் வழியாகத்தான் அந்தக் குடும்பத்தைத் திரும்பக் கண்டுபிடித்தோம். ஆய்வு வேலையாகக் கொழும்பு போயிருந்தபோது, அந்தப் பெரியப்பாவின் மகன், எனக்கு மாமா முறை, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து என்னைப் பார்க்க இறங்கி வந்தார். அவர் மகன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். போயா விடுமுறை. மச்சான், "வாங்க, தெஹிவளைக்குப் போயிட்டு வருவோம், எல்லாரும் பாக்குற இடம்" என்று கூட்டிப் போனார்.

தெஹிவளை மிருகக்காட்சிசாலை கொழும்புக்குத் தெற்கே, நகரத்தை ஒட்டியே இருக்கிறது. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எல்லாருக்கும் அது ஒரு நல்ல விடுமுறை நாள். எனக்கு மட்டும் கால் நகரவில்லை. காரணம் அந்த இடத்தின் விலங்குகள் இல்லை, அந்த இடத்தின் வரலாறு.

அதைத் தொடங்கியவர் ஜான் ஹாகன்பெக் என்ற ஜெர்மானியர். 1920களின் கடைசியில், ஜெர்மனிக்கு ஏற்றுமதி செய்யப் பிடித்து வந்த விலங்குகளைக் கப்பல் வரும்வரை அடைத்து வைக்க அந்த இடத்தை உருவாக்கினார். தொழில் நொடித்து 1936இல் கம்பெனி மூடப்பட்டது. அரசு அதை வாங்கி நடத்தத் தொடங்கியது. ஜான் ஹாகன்பெக்குக்கு இலங்கையில் தோட்டங்களும் இருந்தன. முதல் உலகப்போர் வந்தபோது எதிரி நாட்டவர் என்று சொத்தை இழந்து வெளியேறி, போருக்குப் பின் திரும்பி வந்தவர் அவர்.

அவருடைய அண்ணன் கார்ல் ஹாகன்பெக். ஹாம்பர்க் நகரத்தில் உலகத்தின் மிகப் பெரிய விலங்கு வியாபாரி. அப்பா மீன் வியாபாரி. 1870களின் நடுவில் விலங்கு வியாபாரம் மந்தமானபோது கார்லுக்கு ஒரு யோசனை கிடைத்தது. வடதுருவப் பக்கத்தில் இருந்து கலைமான்களைக் கொண்டுவரும்போது, அவற்றை மேய்க்கும் சாமி இன மக்களையும் கூடவே கொண்டுவந்து, கூடாரம் போட்டு, அவர்கள் சமைப்பதையும் குழந்தைக்குப் பால் கொடுப்பதையும் டிக்கெட் போட்டுக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. அதன்பின் நூபியர்கள், இனூயிட்டுகள் என்று வரிசையாகக் கொண்டுவந்தார். இன்றைக்கு அதை 'மனித மிருகக்காட்சிசாலை' என்கிறோம்.

1884இல் இலங்கையில் இருந்து 67 மனிதர்களையும் 25 யானைகளையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களில் காட்டினார். இலங்கைக் குழுக்கள் என்ற பெயரில் சிங்களரும் தமிழரும் இப்படிப் போனார்கள். பாரிசில் ஒரு விலங்குத் தோட்டத்தில் 1883இல் இலங்கை மக்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அதே இடத்தில் 1902இல் 'மலபார்க்காரர்கள்' என்ற பெயரில் தென்னிந்தியர்களைக் காட்டினார்கள். முன்னால் ஒரு போலிக் கிராமம், ஒரு குடிசை, ஒரு பாம்பாட்டி, ஒரு நடனம். அஞ்சலட்டை அச்சடித்து விற்றார்கள்.

நான் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாமா வந்தார். "என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார். இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆளுக்கு என்ன கூலி குடுத்தான்?"

தோழர்களே, மனிதக் காட்சிசாலைகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இந்தக் கேள்வி அவற்றில் முதல் பக்கத்தில் வருவதில்லை. ஒரு தோட்டத் தொழிலாளிக்கு அதுதான் முதலில் வருகிறது. ஒப்பந்தம் இருந்தது, கூலி இருந்தது என்று சொன்னேன். அதில் யானைப் பாகர்களும் தொழில்முறை ஆட்டக்காரர்களும் இருந்தார்கள், விருப்பப்பட்டுப் போனவர்களும் உண்டு என்றேன். மாமா தலையாட்டிக்கொண்டே, "அப்ப நம்மள மாதிரித்தான்" என்றார்.

அவர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு தகரத் துண்டு கொடுத்தார்கள். அதில் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஆள் என்பது அந்த எண்ணில் தெரியும். மண்டபம் முகாமில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் கப்பல். ஒரு ஆள் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு. கடன் கணக்கு எழுதிய 'துண்டு' என்ற சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 வரை ஆனது. ஆளின் பெயர் முக்கியமில்லை. தலை முக்கியம், எண் முக்கியம்.

இது வெள்ளைக்காரத் துரைகளோடு முடிந்துவிடவும் இல்லை. சுதந்திரம் வாங்கிய இலங்கை 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சந்தையில் மாட்டைப் பிரிக்கும்போதுகூட எந்தப் பசுவோடு எந்தக் கன்று என்று பார்ப்பார்கள். இங்கே அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை ஒரு நாட்டுக்குமாகப் போனார்கள். யாரும் அந்த மக்களிடம் கேட்கவில்லை.

சரி, இதில் சாதி எங்கே வருகிறது? சென்னைக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் விலங்குகளைச் சேர்த்து ஒரு காட்சிசாலை தொடங்கினார். பிறகு அது அங்கிருந்து மாறி, வேறு இடம் போய், நம் காலத்தில் வண்டலூருக்குப் போனது. விலங்குகள் கிளம்பிப்போன அதே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு 1885இல் எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக வந்தார். அவர் மனிதர்களை அளந்தார். தலையின் நீளம், தலையின் அகலம், மூக்கின் உயரம், மூக்கின் அகலம். ரங்காச்சாரி என்பவரின் உதவியோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சாதிகளை அகர வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இருப்பிடம், உணவு, உடை, சடங்கு, பழக்கம் என்று எழுதிக்கொண்டே போவார். மிருகக்காட்சிசாலைக் கூண்டின் முன்னால் ஒரு பலகை இருக்குமே, அதிலும் இதே தலைப்புகள்தான்.

அந்தக் காலத்தில் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு அகலமாக அகலமாகச் சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்று விதி எழுதினார். அண்ணல் அம்பேத்கர் இதற்குப் பதில் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில், அதே மூக்களவு அட்டவணைகளை எடுத்து வைத்துக்கொள்கிறார். இந்த அளவுகளை நம்புவதானால், பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள் என்றுதான் முடிவு வரும் என்று காட்டுகிறார். தீண்டாமைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்று நிறுவுகிறார். அளவுகோலைப் பிடுங்கி, அளந்தவர்களின் கணக்கையே சரிபார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். 'பார்த்தீர்களா, சாதியையே வெள்ளைக்காரன்தான் உருவாக்கினான்' என்பார்கள். இப்போது இணையத்தில் நன்றாக ஓடுகிற வாதம் இது. தர்ஸ்டன் அளக்க வந்தபோது ஊர் வேறு, சேரி வேறாகத்தான் இருந்தது. கிணறு வேறாக இருந்தது. சுடுகாடு வேறாக இருந்தது. ஹாகன்பெக் ஹாம்பர்க்கில் ஒரு போலிக் கிராமத்தைக் காசு செலவழித்துக் கட்ட வேண்டியிருந்தது. இங்கே வேலி ஏற்கெனவே போட்டிருந்தது. பிறக்கும்போதே இன்ன வகை, இன்ன உணவு, இன்ன வேலை, இந்த எல்லைக்குள் இருப்பு என்று எழுதி வைத்த சமூகம் இது. வெள்ளைக்காரன் செய்தது, அந்த வேலிக்கு முன்னால் விஞ்ஞானம் என்று ஒரு பலகை மாட்டியது. பலகைக்காக அவனைக் குற்றம் சொல்லலாம். வேலிக்குப் பொறுப்பு இங்கே இருக்கிறது.

தெஹிவளைக்குப் போன மறுநாள் மாமாவோடு மலைக்குப் போனேன். அத்தை கொழுந்து பறிக்கப் போயிருந்தார். சாலையோர மலையில், ஒரு வேன் வந்து நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் இறங்குகிறார்கள். கூடை மாட்டிய பெண்களைக் கூப்பிட்டு, செடிகளுக்கு நடுவே நிற்க வைத்து, படம் எடுத்து, கையில் ஏதோ நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், கொழும்புக்காரர்கள் இருந்தார்கள், தமிழில் பேசிக்கொண்டு சென்னையில் இருந்து வந்த ஒரு குடும்பமும் இருந்தது.

சாயங்காலம் அத்தையிடம் இதைக் கேட்டேன். "காசு குடுத்தா வாங்கிக்குவோம், அதுல என்ன?" என்றார். பிறகு அவரே சொன்னார்: "படம் எடுக்குறவுங்க பேரு கேக்க மாட்டாங்க தம்பி. இன்னைக்கி எத்தன கிலோ எடுத்தீங்கன்னும் கேக்க மாட்டாங்க. சிரிங்கன்னு மட்டுந்தான் சொல்லுவாங்க."

உலகம் முழுக்கத் தேயிலைப் பெட்டிகளில் அத்தையைப் போன்ற ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறார். இலங்கைச் சுற்றுலா விளம்பரத்திலும் அவர்தான். அந்தப் பெண்களின் ஒரு நாள் கூலியை ஆயிரம் ரூபாய் ஆக்குவதற்கு வருடக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2021இல்தான் அது அரசிதழில் வந்தது. சிரிப்பு ஏற்றுமதியாகிறது, கூலி பேச்சுவார்த்தையில் நிற்கிறது.

இந்தியாவிலும் இதுதான். அந்தமான் சாலையில் ஜாரவா பெண்களை உணவுக்காக ஆட வைத்த காணொளி 2012இல் வெளியாகி உலகமே அதிர்ந்தது. 'மனித சஃபாரி' என்று அதற்குப் பெயர் வந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் தெருக்களுக்கு யார் யார் வருகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கள ஆய்வு என்று கல்லூரிப் பேருந்தில் ஐம்பது மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். சேரியில் எத்தனை வீட்டில் கழிப்பறை என்று எண்ணுகிறார்கள். ஊர்த் தெருவில் யார் வீட்டில் இரட்டைக் குவளை இருக்கிறது என்று எண்ண ஒரு பேருந்தும் வருவதில்லை. யூடியூப் சேனல்காரர் நரிக்குறவர் குடியிருப்புக்குள் புகுந்து, 'இவங்க என்ன சாப்பிடுறாங்க பாருங்க' என்று ஒரு காணொளி போடுகிறார். மலக்குழிக்குள் இறங்கிய மனிதனின் உடம்பு நம் கைப்பேசியில் சுற்றுகிறது. அவரை இறக்கிய ஒப்பந்தக்காரரின் முகத்தை யாராவது பார்த்திருக்கிறோமா?

நான் ஆய்வு மாணவன். எங்கள் துறைகளிலும் இது நடக்கிறது. 'இந்தச் சமூகத்தில் ஏற்கெனவே ஆய்வு நடந்துவிட்டது, நீங்கள் வேறு சமூகம் எடுங்கள்' என்று சர்வசாதாரணமாகப் பேசுவார்கள். சமூகம் என்று அங்கே சொல்லப்படுவது எப்போதும் நாம்தான். ஆதிக்கச் சாதி வீடுகளின் சாப்பாட்டு மேசை, கல்யாணச் சந்தை, அவர்களின் அலுவலகப் பதவி உயர்வு இதையெல்லாம் எத்தனை பேர் ஆய்வுக்கு எடுக்கிறார்கள்? பார்க்கிறவர் ஒரு பக்கமும் பார்க்கப்படுகிறவர் ஒரு பக்கமுமாகவே இருந்தால், நடுவில் கம்பி இல்லாவிட்டாலும் அது கூண்டுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. காட்டாவிட்டால் கொடுமை எப்படி வெளியே தெரியும்? படம் இல்லாமல் எத்தனை வழக்குகள் செத்துப்போயின? உண்மைதான். படம் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யாரைக் காட்டுகிறோம், யாரை மறைக்கிறோம், யார் பேசுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு வன்கொடுமையை ஆவணப்படுத்துகிற தோழர் சாட்சியம் சேர்க்கிறார். அடிபட்டவர் பேச விரும்புவதை அவர் பெயரோடு, அவர் சம்மதத்தோடு பதிவு செய்கிறார். பெயர் சொன்னால் ஆபத்து என்றால் மறைக்கிறார், அதையும் அவரிடம் கேட்டே செய்கிறார். அடித்தவரின் பெயரை அழுத்தி எழுதுகிறார். இதுவும் பார்வையாளர் எண்ணிக்கைக்காக எடுக்கும் காணொளியும் ஒன்றல்ல.

காட்சிக்கு வைக்கப்பட்டவர்கள் சும்மா நின்றுகொண்டிருக்கவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1880இல் லாப்ரடாரில் இருந்து ஹாகன்பெக் கொண்டுபோன எட்டு இனூயிட்டுகளில் ஒருவர் ஆபிரகாம். எழுதப் படிக்கத் தெரிந்தவர், வயலின் வாசிப்பவர். பெர்லினில் தன்னைப் பார்க்க வந்த கூட்டத்தைப் பற்றி அவர் நாட்குறிப்பு எழுதினார். குடிலுக்குள் நுழைந்த கூட்டத்தைச் சாட்டையை எடுத்து விரட்டியதையும் எழுதினார். அவர்களுக்கு அம்மைத் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. சில மாதங்களுக்குள், 1881 ஜனவரிக்குள், எட்டுப் பேரும் பெரியம்மையில் இறந்துபோனார்கள். அவர் எழுதியது இருக்கிறது. 1906இல் நியூயார்க் பிராங்க்ஸ் மிருகக்காட்சிசாலையில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரைக் குரங்குக் கூண்டில் வைத்துக் காட்டியபோது, அதை எதிர்த்து முதலில் கிளம்பியவர்கள் அந்த நகரத்தின் கறுப்பின போதகர்கள். அவர்கள் போராடித்தான் அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த நிர்வாகம் மன்னிப்புக் கேட்க 2020 வரை ஆனது. மலையக மக்கள் தங்கள் 200 ஆண்டு வரலாற்றைச் சொல்ல 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை, முன்னோர்கள் செத்து விழுந்த பாதையிலேயே நடந்தார்கள். யாரும் அவர்களை நிறுத்தி வைத்துக் காட்டவில்லை. அவர்களாக நடந்தார்கள், அவர்களாகப் பேசினார்கள்.

நம் பங்குக்கு ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் பேசினேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கண்டிச்சீமைக்குப் போனவர்களின் கதை தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர்களும் முதியவர்களாகிவிட்டார்கள். பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் பழைய கடிதங்கள், பாஸ்போர்ட்டுகள், சில வீடுகளில் அந்தத் துண்டுச் சீட்டுகூட இருக்கலாம். நம் ஒவ்வொருவரும் அவரவர் தெருவில் தொடங்குவோம். போகும்போது முதலில் கைப்பேசியை நீட்ட வேண்டாம். உட்காருங்கள். பெயரைக் கேளுங்கள். போனவர் பெயர், அவர் அம்மா பெயர், ஊர்ப் பெயர். எந்தக் கங்காணி கூட்டிப் போனார், எவ்வளவு கடன், என்ன கூலி என்று கேளுங்கள். அவர்களாக என்ன சொல்ல நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள், வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். அதோடு, அந்தக் காலத்தில் அவர்களுக்கு நிலம் கிடைக்காமல் செய்தவர்கள் யார், இன்றைக்கு அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பார்வை அந்தப் பக்கமும் திரும்பட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, ஆளுக்கு ஐந்து பெயர்களோடு வாருங்கள். அந்தப் பட்டியலில் இருந்து தொடங்குவோம்.